ஆல்வெஸ்டரின் தலை

"அண்ணி, கதவைத் தொறங்க, ஐஸ் உருகுது!"

லூஷியஸ் வாசலில் நின்று கத்தியபோது வெர்னெல் தன் கணவனின் காலுறையைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தாள். ஒரு கால் ஆகிவிட்டது. மற்றதில் கணுக்கால் வீங்கிக் காலுறையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆல்வெஸ்டர் ட்ரம்மண்ட் விடிகிற நேரத்தில்தான் கடைசி மூச்சை விட்டிருந்தார். தூங்கும்போது காலுறை போட்டாலே எரிந்து விழுகிற மனிதர். கால் சில்லென்று இருக்கிறதே என்று இவள்தான் மாட்டிவிட்டாள். போகிற இடத்துக்கு அதோடு போக வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கதவைத் திறந்தாள். லூஷியஸ் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய ஐஸ் மூட்டையுமாக நின்றார். இன்னொரு மூட்டை அக்குளில் இருந்தது. சட்டை ஒரு பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. ஆகஸ்ட் மாதத்து அலபாமா வெயில் காலையிலேயே அவருக்குப் பின்னால் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"தலையைச் சுத்தி வைக்கணும் அண்ணி. மூளை கெட்டுப்போயிடக் கூடாதுல்ல? நகருங்க."

படுக்கையறையில் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து ஆல்வெஸ்டரைப் பார்த்துக்கொண்டவள்.

"ஐயா, அதெல்லாம் தேவையில்லை. வண்டி வந்து எடுத்துட்டுப் போய் அவங்களே குளிர்ல வைப்பாங்க."

"நீ சும்மா இரும்மா. ஐஸைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அது நியாயம்தான். முழங்கால் திருகினால் ஐஸ், தோள் இறங்கினால் ஐஸ், விலா விரிந்தால் ஐஸ். இவர்களைப் போன்ற பந்தாட்டக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. லூஷியஸ் மூட்டையைக் கிழித்து, தன் பழைய சிநேகிதனின் தலைக்கு இரண்டு பக்கமும் துண்டில் சுற்றி அணை கொடுத்தார். கட்டிகள் சரிந்து தலையணைக்குள் உருண்டன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி வைத்தார். நர்ஸ் ஓர் உலர்ந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"மத்தியானத்துக்குள்ள மூளை ஆராய்ச்சிக்காரங்க உங்களைக் கூப்பிடுவாங்கம்மா," என்றாள் வெர்னெலிடம். "அவர் உயிரோட இருந்தப்பவே மூளையைத் தர்றேன்னு எழுதிக் கொடுத்திருந்தாலும், மனைவி சம்மதம் வேணும். போன்ல நீங்க வாயால சொல்லணும், அவங்க பதிவு பண்ணிக்குவாங்க. வேண்டாம்னு சொன்னாலும் யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க."

"வேண்டாம்னு எதுக்கு சொல்லப் போறாங்க?" என்றார் லூஷியஸ்.

வெர்னெல் இரண்டாவது காலுறையைக் கழற்றினாள்.

*

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிகிறவனுக்கு முன்னால் நின்று, பாய்ந்து வருகிறவர்களை முட்டித் தடுப்பதுதான் ஆல்வெஸ்டரின் உத்தியோகம். பதின்மூன்று பருவங்கள் அதைச் செய்தார். அத்தனை காலத்தில் பந்து அவர் கைக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வேறு யாரோ தவறவிட்டது, இவர் அதன் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். எறிந்தவனுக்கும் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கும் பேர் கிடைத்தது. இவருக்குக் கிடைத்தது 'கதவு' என்ற பட்டப்பெயரும் மடக்க முடியாத முழங்காலும்.

அடிபட்டு எழுந்தால் அணியின் டாக்டர் ஓடிவந்து விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். அவர் எப்போதும் இரண்டு விரலைத்தான் காட்டுவார் என்பது எல்லாருக்கும் அத்துப்படி. கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்டத்துக்குள் போய்விடுவார்கள். டாக்டரை ஏமாற்றிய கெட்டிக்காரத்தனத்தை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐம்பது தாண்டிய பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது. தலையில் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து மூளையை அரிக்கிற நோய், செத்த பிறகு திறந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். ஒருவர் தன் காரிலேயே குடியிருந்தார். ஒருவர் மகளின் கல்யாணத்தன்று மகளின் பெயர் தெரியாமல் மேடையில் விழித்தார்.

அப்போது ஆரம்பித்தது ஆல்வெஸ்டரின் இரண்டாவது ஆட்டம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பழைய ஆட்டக்காரர்களைக் கூட்டினார். அணி முதலாளிகள் மாநாடு போடுகிற ஹோட்டல் எதுவானாலும் அதன் வாசலில் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தினார். வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் நஷ்ட ஈடு தருகிறோம் என்றார்கள், பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். கறுப்பர்களுக்கு மூளைத்திறன் முதலிலேயே கொஞ்சம் மட்டம் என்று வைத்துக்கொண்டு அந்தப் பரிசோதனைக்கு மார்க் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி வெள்ளைக்காரன் மறந்தால் அது நோய், ஆல்வெஸ்டர் மறந்தால் அது சுபாவம். இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவது முறை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நிருபர்கள் முன்னால் போய் நின்றார். "என் மூளை பாதியிலேர்ந்துதான் ஆரம்பிச்சுதாம். சரி. நான் செத்தப்புறம் தொறந்து பாருங்க. உள்ள என்ன நிறம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நாடு முழுக்க அதைப் போட்டார்கள். பிறகு அந்தக் கணக்கையே கைவிட வேண்டியதாயிற்று. அவர்கள் ஊரான பிரிச்சர்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. வெர்னெலும் கை வலிக்கத் தட்டினாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் மேடையிலிருந்து இறங்கிய மனிதரோடு வீட்டுக்குத் திரும்பியவள் அவள் ஒருத்திதான்.

*

சமையலறை ஆல்வெஸ்டரின் அக்கா ஒடெசாவின் ஆட்சியில் இருந்தது. செய்தி தெரிந்ததும் சர்ச்சுப் பெண்கள் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். பொரித்த கோழி, வேகவைத்த கீரை, கேக், இன்னொரு கேக். பாத்திரம் யாருடையது என்று அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. ஒடெசா ஒவ்வொன்றையும் தூக்கி, அடியைப் பார்த்து, "இவ கையால செஞ்சதை நாய்கூடத் தொடாது" என்றோ "இது நல்லாயிருக்கும்" என்றோ தீர்ப்புச் சொல்லி அடுக்கினாள். எண்பதை நெருங்குகிறவள். தாய் செத்த பிறகு ஆல்வெஸ்டரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"ரெனீட்டாவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்றேன் அக்கா."

"பெத்த பொண்ணுக்கு இன்னும் சொல்லல. ஊர் பூரா கேக் வந்தாச்சு." ஒடெசா கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, அந்தப் போன்காரங்க கூப்பிட்டா என்ன சொல்லப் போற?"

"அவர் கேட்டுக்கிட்டது அக்கா."

"அவன் ஆயிரம் கேப்பான். சின்ன வயசுல நிலாவைக் கேட்டான், எடுத்தா குடுத்தேன்? உயிரோட இருக்கறப்ப முட்டு முட்டுன்னு முட்ட வச்சாங்க. இப்ப வெட்டிப் பாக்கணுமா? நம்ம ஆளுங்களை வெட்டிப் பாக்கறதுன்னா டாக்டருங்களுக்கு எந்தக் காலத்துலயும் அலுக்காது. ஆண்டவர் முன்னாடி அவன் முழுசா போகணும் வெர்னெல். எங்கம்மா வந்து 'புள்ள தலை எங்கடி'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. உடனே அதை மறைக்க ஒரு பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். வெர்னெலுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதே சமயம் மனசுக்குள் ஒரு மூலையில் ஓர் ஆசுவாசமும் எட்டிப் பார்த்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. 'அக்கா வேண்டாம்னு சொல்லிட்டாங்க, நான் என்ன செய்ய?' இந்த ஒரு வார்த்தை போதும். லூஷியஸ் நாலு நாள் முறைப்பார், அவ்வளவுதான். தலையைத் திறக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம்.

ஏனென்றால் உள்ளே நோய் என்று ஒன்றும் இல்லாமல் போய்விட்டால்?

நாலு வருஷம் முன்னால் கார் சாவி காணாமல் போனது. நீதான் ஒளித்து வைத்தாய் என்று ஆல்வெஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். எலும்பு உடைந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. மறுநாள் மாவுக்கட்டைப் பார்த்து அவரே பதறினார். "யார் பண்ணினது? பேரைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்." அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

அட்லாண்டாவிலிருந்து ஓடிவந்த மகள் ரெனீட்டா, அம்மாவின் பெட்டியைத் தானே அடுக்கினாள். வெர்னெல் அதைத் திரும்பப் பிரித்தாள். "அது உங்கப்பா இல்லடி. நோய்."

"எப்படித் தெரியும்? நீ உள்ள போய்ப் பாத்தியா? உலகத்துல பொண்டாட்டியை அடிக்கற எல்லாரும் பந்து ஆடினவங்களா?" ரெனீட்டா வாசலில் நின்று திரும்பினாள். "அவர் போனா சொல்லு, வரேன். நோய்னு மட்டும் இன்னொரு தடவை என்கிட்ட சொல்லாதம்மா."

அதன் பிறகு அவள் வரவில்லை. வெர்னெல் எத்தனையோ முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறாள்.

மகளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம், முக்கியமான ஓர் ஆட்டத்தில் தோற்று வந்த ராத்திரி, குழம்பு அடிப்பிடித்ததற்காக ஆல்வெஸ்டர் அவளை அறைந்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அணியின் ஆட்ட வியூகம் அத்தனையும் மனப்பாடம், மறதி என்ற பேச்சே கிடையாது. விடிய விடிய அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கை நீட்டவே இல்லை. அந்த ஒரு அறையை வெர்னெல் யாரிடமும் சொன்னதில்லை. அது நோய்க்கணக்கில் சேருமா, ஆல்வெஸ்டர் கணக்கில் சேருமா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

*

படுக்கையறையில் லூஷியஸ் நாற்காலியிலேயே உறங்கிப் போயிருந்தார். துண்டிலிருந்து நீர் கட்டில் ஓரமாகச் சொட்டியது. வெர்னெல் அவரை எழுப்பிக் கூடத்துக்கு அனுப்பினாள்.

"அடுத்தது என் தலைதான் அண்ணி," என்றார் அவர் போகிற போக்கில், சிரித்துக்கொண்டு. "ஐஸ் கொண்டுவர ஆள்தான் இல்ல." அறை வாசலில் நின்று எந்தப் பக்கம் போவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, கணவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து மாவிஸுக்குப் போன் போட்டாள்.

பழைய ஆட்டக்காரர்களின் மனைவிமார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் கூடுவார்கள். யார் புருஷன் வழி தெரியாமல் போனார், யார் புருஷன் அடுப்பை அணைக்க மறந்தார் என்று பேசி, அழவேண்டியதற்கும் சிரித்துவிட்டு வைப்பார்கள். அங்கே எல்லாரையும் விட அதிகமாகச் சிரிக்க வைத்தவள் மாவிஸ். அவள் புருஷன் ஹார்லன் செத்தபோது மூளையைக் கொடுத்தாள். அதில் நோய் இல்லை என்று வந்தது. அதற்கப்புறம் அவள் கூட்டத்துக்கு வருவதில்லை.

"செய்தி கேள்விப்பட்டேன்," என்றாள் மாவிஸ். "நல்லபடியா போனாரா?"

"தூக்கத்துல."

"கொடுத்து வச்சவர். எனக்கு எதுக்குப் போன் பண்றேன்னு தெரியுது. உன் புருஷன்தான் என்னை வாயை மூடச் சொன்னார், அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான் இருந்தேன்."

"'இப்ப வேண்டாம் மாவிஸ், வழக்கு நடக்குது, எதிராளிக்கு வசதியாப் போயிடும்'னார். நியாயம்தான். ஆனா நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்? உங்க எல்லாருக்கும் நோய், எனக்கு மட்டும் ஹார்லன்."

"நான் அன்னிக்குப் பேசியிருக்கணும். பேசல. மன்னிச்சுக்கோ."

"ம்."

"அவர்கிட்டயும் ஒண்ணும் இல்லேன்னு வந்துட்டா, மாவிஸ்? அவர் அத்தனை பேர் முன்னாடி சவால் விட்டாரு. நான் என் பொண்ணுகிட்ட நோய் நோய்னு..." வெர்னெல் நிறுத்தினாள். பிறகு நாற்பது வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். குழம்பு, அறை, எல்லாம். கணவன் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவரைப் பற்றிக் கோள் சொல்வதுபோல இருந்தது. அதனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அது எல்லாத்துக்கும் முன்னாடி மாவிஸ். அவர் நல்லாயிருந்தப்ப."

"எத்தனை வயசுலேர்ந்து ஆடினார்?"

"ஒன்பது."

"ஒன்பது வயசுலேர்ந்து முட்டினவனுக்கு 'முன்னாடி'ன்னு ஒண்ணு எங்கடி இருக்கு?" மாவிஸ் மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சொல்லி உன்னைத் தேத்தறேன்னு நினைக்காத. என் ஆளும் எட்டு வயசுலேர்ந்துதான் ஆடினான். ஒண்ணும் இல்லேன்னாங்க. வேற ஏதாவது இருந்திருக்கலாம், எங்களுக்குப் பாக்கத் தெரிஞ்சது இவ்வளவுதான்னும் சொன்னாங்க. எது உண்மையோ, யாருக்குத் தெரியும்?"

"எப்படித் தாங்கின?"

"முதல் வருஷம் கல்லறைப் பக்கமே போகல. அப்புறம் ஒரு நாள் போனேன். குடையை மடக்கி வச்சுட்டுத் திட்டினேன் பாரு, பக்கத்துக் கல்லறைக்கு வந்தவங்க எழுந்து போயிட்டாங்க. அதுவரைக்கும் பந்தையே திட்டிக்கிட்டு இருந்தவ. ஹார்லனை ஹார்லன்னு திட்டினது அன்னிக்குத்தான். திட்டி முடிச்சுட்டு, பூவை வச்சுட்டு வந்தேன். இப்பவும் பூ கொண்டு போறேன். அந்தப் பூவும் ஹார்லனுக்குத்தான், வேற யாருக்கும் இல்ல."

வெர்னெல் அழுதாள். மாவிஸ் போனை வைக்காமல் அழ விட்டாள்.

"தெரியாமலே இருந்திருந்தா நல்லாயிருந்திருக்குமா?" என்று வெர்னெல் கேட்டாள்.

"தூக்கம் நல்லா வந்திருக்கும்," என்றாள் மாவிஸ். "எழுந்து முகம் கழுவு. அந்தப் போன் வரும்."

*

போன் வந்தபோது ஒடெசா சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். லூஷியஸ் சோபாவிலிருந்து எழுந்து, எதற்கோ தொப்பியைக் கழற்றினார். மறுமுனையில் ஒரு பெண் குரல், இளவயதுதான். பதிவு செய்கிறோம் என்று முதலில் சொன்னது. பெயர் கேட்டது. இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது.

"புருஷன்."

அந்தப் பெண் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விளக்கினாள். எங்கே கொண்டுபோவார்கள், எப்படி எடுப்பார்கள், எப்போது திருப்பி அனுப்புவார்கள். வெர்னெல் ஒடெசாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சவப்பெட்டியைத் தொறந்து வச்சு எல்லாரும் பாக்கறது எங்க வழக்கம். முகத்துல ஏதாவது தெரியுமா?"

"தெரியாதும்மா. பின்பக்கமா செய்வாங்க. தலையணையில வச்சா யாருக்கும் தெரியாது."

வெர்னெல் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். ஒடெசா மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க வளத்த புள்ள. ஆனா ஊர் முன்னாடி நின்னு வாக்குக் குடுத்தவரும் அவர்தான். அதை நான் மறைச்சு வச்சேன்னா, எனக்காகத்தான் மறைச்சதா இருக்கும். அவருக்காக இல்ல."

ஒடெசா விரிப்பை இழுத்து நேராக்கிவிட்டு, "முடி வெட்டிடாம பாத்துக்கச் சொல்லு," என்றாள். "அவனுக்கு இருக்கறதே கொஞ்சம்."

"சம்மதம்," என்றாள் வெர்னெல் போனில். பதிவுக்காக முழுசாகச் சொல்லச் சொன்னார்கள். முழுசாகச் சொன்னாள். லூஷியஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. முடிவு வர பல மாசம் ஆகும். அதை உங்களுக்குத் தெரியப்படுத்தணுமா? சில குடும்பங்கள் கொடுப்பாங்க, ஆனா முடிவு தெரிய வேண்டாம்னு சொல்லிடுவாங்க. அதுவும் சரிதான். ஆராய்ச்சிக்கு அதனால ஒண்ணும் குறையாது."

இப்படி ஒரு வழி இருப்பது வெர்னெலுக்குத் தெரியாது. தலையைக் கொடுக்கலாம். வாக்கைக் காப்பாற்றலாம். பிறகு சாகிற வரைக்கும் நோய், நோய் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். எவ்வளவு நல்ல வழி! அவள் உள்ளங்கை வியர்த்துப் போன் வழுக்கியது. மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். உடைந்து கூடிய மணிக்கட்டு அது, போனைக் கொஞ்ச நேரம் பிடித்தாலே வலிக்கும்.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன். தெரியப்படுத்துங்க."

"யாருக்குச் சொல்லணும்?"

"எனக்கு. அப்புறம் என் பொண்ணுக்கு. எனக்குச் சொல்ற அதே நாள், அவளுக்கும் நீங்களே நேரடியா சொல்லணும். நான் சொல்லி அவ கேக்கக் கூடாது."

"என்ன வந்தாலுமா?"

"என்ன வந்தாலும்."

ஒடெசா தலை நிமிர்ந்து அவளையே பார்த்தாள். வெர்னெல் மகளின் பெயரைச் சொன்னாள். எண்ணைப் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"நாங்க கூப்பிடுவோம்னு அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிடறீங்களா? திடீர்னு எங்க போன் வந்தா கஷ்டமா இருக்கும்."

"சொல்லிடறேன்."

போனை வைத்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லூஷியஸ் ஊன்றுகோலைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒடெசா எழுந்து, தம்பி படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெர்னெல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. மேஜையில் கையை வைக்க இடமில்லை. ஒரு கேக்கையும் ஒரு கீரைப் பாத்திரத்தையும் தள்ளி வைத்து, முழங்கையை ஊன்ற இடம் பண்ணிக்கொண்டாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் வைக்கவில்லை.